கற்றலும் நிற்றலும்

திருச்சிற்றம்பலம்



இன்று சித்திரைச் சதயம். திருநாவுக்கரசு சுவாமிகள் திருப்புகலூரில் இறைவன் திருவடி நீழலை அடைந்த நன்னாள். பத்து நாள்களாக இத்திருக்கோயிலில் நிகழ்ந்துவரும் நாவரசர் குருபூசைப் பெருவிழா இன்று நிறைவெய்துகின்றது. காலையில் சுவாமிகளின் திருவுருவத்துக்குத் திருமஞ்சனமும் அலங்காரமும் நடைபெற்றன. ஓதுவாமூர்த்திகள் பண்ணோடு பதிகம் விண்ணப்பித்தார்கள். உழவாரம் ஏந்திய திருக்கோலத்தோடு சுவாமிகள் திருவீதி வலம்வந்த காட்சியை நாமெல்லாம் கண்ணாரக் கண்டோம். இப்பொழுது சில வார்த்தைகள் சொல்லும் பேறு அடியேனுக்கு வாய்த்திருக்கின்றது.

விழாக் குழுவினர் எனக்குக் குறித்துக் கொடுத்த பொருள் 'கல்வியும் வாழ்வும்' என்பது. இதைக் கேட்டவுடன் சிலர் நினைக்கலாம்: கல்வியைப் பற்றிப் பேசப் பள்ளிக்கூடம் இருக்கின்றது, கோயிலில் கடவுளைப் பற்றி அல்லவா பேச வேண்டும் என்று. அன்பர்களே, நம் நாட்டிலே கோயிலும் கல்வியும் வேறு வேறாக இருந்தவை அல்ல. திருவொற்றியூர்த் திருக்கோயிலில் இலக்கணம் கற்பிப்பதற்கென்றே ஒரு மண்டபம் இருந்தது. எண்ணாயிரம் என்னும் ஊரிலே, முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில், கோயிலைச் சார்ந்து நடைபெற்ற கல்விச்சாலையில் 340 மாணாக்கர்கள் உண்டியும் உறையுளும் பெற்றுப் பயின்றார்கள். 14 ஆசிரியர்கள் பயிற்றினார்கள். அவர்களுக்கு அளந்த நெல்லின் கணக்குகூடக் கல்வெட்டில் இருக்கின்றது. ஆகவே கோயிலிலே கல்வியைப் பற்றிப் பேசுவது புதுமை அன்று. பழைய வழக்கமே ஆகும்.

நீங்கள் உள்ளே வரும்பொழுது கோபுரவாயிலின் பக்கத்தில் ஒரு தண்ணீர்ப்பந்தலைக் கண்டிருப்பீர்கள். தொண்டர்கள் நீரும் மோரும் வழங்குகின்றார்கள். இந்தக் கத்திரி வெயிலில் அங்கே நின்று ஒரு குவளை மோர் பருகாமல் உள்ளே வந்தவர்கள் சிலரே. அந்தப் பந்தலுக்கும் இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கும் நெருங்கிய உறவு உண்டு. அதைப் பின்னர்ச் சொல்லுகின்றேன்.

முதலில், கல்வி என்பது எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்று பார்ப்போம். இதற்கு நாம் நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. திருவள்ளுவ நாயனார் அதிகாரங்களை வைத்த முறையைப் பார்த்தாலே போதும். நாற்பதாவது அதிகாரம் கல்வி. அதன்பின் கல்லாமை. அதன்பின் கேள்வி. அதன்பின் அறிவுடைமை. அதனையடுத்து என்ன வைத்தார்? குற்றங்கடிதல். இந்த ஐந்து பெயர்களையும் வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். ஒரு மனிதன் கற்கின்றான். கல்லாமையால் வரும் இழிவை உணர்கின்றான். நூலிலே காணாததைப் பெரியோர் வாயிலாகக் கேட்கின்றான். அவனுக்கு அறிவு உண்டாகின்றது. அந்த அறிவு அவனிடத்திலுள்ள குற்றத்தை நீக்குகின்றது. கல்வி என்று தொடங்கிய ஆறு குற்றங்கடிதல் என்னும் கடலில் போய்க் கலக்கின்றது. நடுவழியிலே வற்றிவிட்டால் அது ஆறாகாது, மணலாகும்.

இன்னும் ஒன்று கவனிக்க வேண்டும். கல்லாமையை அடுத்துக் கேள்வியை வைத்தாரே, அது எத்தனை பெரிய கருணை! இந்தச் சபையிலே இளமையில் ஏடு தொடும் வாய்ப்புக் கிடைக்காத தாய்மார்கள் சிலர் இருக்கக்கூடும். 'எங்களுக்கு எழுத்துத் தெரியாதே' என்று அவர்கள் ஏங்க வேண்டாம். எழுத்து இல்லாதவர்க்குச் செவி இருக்கின்றது என்று கதவைத் திறந்துவைத்தார் நாயனார்.

நம் சைவ சித்தாந்த நூல்கள் இதையே வேறு ஒரு வகையால் சொல்லுகின்றன. கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என்று நான்கு படிகள். பசு மேய்ச்சலுக்குப் போகின்றது; புல்லை மேய்கின்றது. அது கேட்டல். மரநிழலில் படுத்து அசைபோடுகின்றது. அது சிந்தித்தல். உண்டது உடம்பிலே செரித்துச் சாரமாகின்றது. அது தெளிதல். மாலையில் வீட்டுக்கு வந்து கன்றுக்கும் மனிதருக்கும் பாலாகச் சுரக்கின்றது. கற்றது தன்மயமாகி நிற்கும் நிலை அது. புல்லைத் தின்ற பசு புல்லையே திருப்பித் தருவதில்லை. நூலைக் கற்ற நாமோ, கற்ற நூலையே திருப்பித் தந்துவிட்டு, பெரிய புலமை வந்துவிட்டதாக எண்ணிக்கொள்கின்றோம். அடியேன் பிறரைச் சொல்லவில்லை. என்னையும் சேர்த்தே சொல்லுகின்றேன். அதற்கான காரணம் பின்னால் வரும்.

இனி, இன்றைய விழாவுக்கு உரிய அப்பரடிகளின் சரித்திரத்துக்கு வருவோம். சுவாமிகளைப் போல நூல் கற்றவர் யார்? திருவாமூரிலே புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகனாராகத் தோன்றினார். மருள்நீக்கியார் என்பது பிள்ளைத் திருநாமம். இளமையிலேயே கலைகள் பயின்றார். தாய் தந்தையர் மறைந்தனர். தமக்கையார் திலகவதியாருக்கு மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் உயிர்நீத்தார். தாமும் உயிர்விடத் துணிந்த தமக்கையார் தம்பியின் பொருட்டு உயிர் தாங்கினார். நிலையாமையை நேரே கண்ட மருள்நீக்கியார் அறச்சாலைகளும் தண்ணீர்ப்பந்தர்களும் அமைத்தார் என்று சேக்கிழார் பெருமான் கூறுகின்றார். தண்ணீர்ப்பந்தர் என்னும் சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னர் மெய்ப்பொருளைத் தேடிப் பாடலிபுத்திரம் என்னும் திருப்பாதிரிப்புலியூருக்குச் சென்று சமண நூல்களை யெல்லாம் ஓதினார். ஓதியது அரைகுறையாக அன்று. அங்கிருந்த பெரியோர்கள் தருமசேனர் என்று பெயர் தந்து தலைமை அளிக்கும் அளவுக்கு ஓதினார். வாதிலே வல்லவர், நாவிலே வல்லவர். அந்த நிலையில் சூலைநோய் வந்தது. கற்ற நூல்களெல்லாம் கையிலே இருந்தன. வயிற்றிலே நெருப்பு இருந்தது. நூலுக்கும் நெருப்புக்கும் இடையே ஒரு பாலம் இல்லை. அன்பர்களே, இதை ஒரு சமயத்தாரை இகழ்வதற்காகச் சொல்லவில்லை. எந்தச் சமயத்து நூலாயினும், நாவோடு நின்றுவிட்டால், துன்பம் வந்த நாளிலே துணைக்கு வாராது என்பதற்காகவே சொல்லுகின்றேன்.

நள்ளிரவில் திருவதிகைக்குத் தமக்கையாரைத் தேடி வருகின்றார். அந்த அம்மையார் யார்? எந்தச் சபையிலும் வாதிட்டவர் அல்லர். எந்தப் பட்டமும் பெற்றவர் அல்லர். ஆயினும் நாள்தோறும் பொழுது புலருமுன் எழுந்து, கெடிலக் கரையிலுள்ள வீரட்டானத் திருக்கோயிலை அலகிட்டு, மெழுகி, மலர் கொய்து மாலை கட்டிக் கொடுத்துவந்தவர். அவர் அறிந்ததெல்லாம் அவர் கையிலே இருந்தது. தம்பிக்குத் திருநீறு கொடுத்து, விடியற்காலத்தில் திருவலகோடு கோயிலுக்குப் புறப்பட்டபொழுது உடன் அழைத்துச் சென்றார். அங்கேதான் சுவாமிகளின் திருவாயிலிருந்து முதல் பதிகம் பிறந்தது, சூலை தீர்ந்தது, நாவுக்கரசு என்னும் திருநாமம் கிடைத்தது.

அதன்பின் சுவாமிகள் கையில் ஏந்தியது என்ன? ஏடு அன்று, எழுத்தாணி அன்று. உழவாரம். புல் செதுக்கும் கருவி! தருமசேனராய் இருந்த பெரும்புலவர் கோயில் முற்றத்திலே குனிந்து புல் செதுக்குகின்றார். இந்தப் பாடத்தை எந்த நூலிலே கற்றார்? தமக்கையாரின் துடைப்பத்திலே கற்றார் என்பதே அடியேன் கருத்து. பாடலிபுத்திரத்திலே கற்றது நாவுக்கு வந்தது. அதிகையிலே கற்றது கைக்கு வந்தது. கைக்கு வந்த பிறகுதான் நாவிலிருந்ததும் பதிகமாயிற்று.

இனித் திங்களூருக்குப் போவோம். திருவையாற்றுக்கு அருகேயுள்ள ஊர். அங்கே அப்பூதியடிகள் என்று ஓர் அந்தணர். அவர் நாவுக்கரசரைக் கண்டதில்லை. கேள்விப்பட்டது மாத்திரமே. கல்லிலே கட்டிக் கடலில் இட்டும் கரையேறிய அடியாரின் பெருமையைச் செவியாலே கேட்டார். நாமும் கேட்டிருக்கின்றோம். கேட்டு என்ன செய்தோம்? 'ஆகா' என்றோம், எழுந்து வீட்டுக்குப் போனோம். அவர் என்ன செய்தார் தெரியுமா? தம் பிள்ளைகளுக்குத் திருநாவுக்கரசு என்று பெயரிட்டார். அறச்சாலைக்கும் குளத்துக்கும் தண்ணீர்ப்பந்தருக்கும் அந்தப் பெயரே. பசுவுக்கும் எருமைக்கும் அந்தப் பெயரே. அதோடு நின்றாரா? வீட்டிலுள்ள முகத்தல் அளவைகளுக்கும் நிறைகோலுக்கும் அந்தப் பெயரையே இட்டார்.

பிள்ளைக்குப் பெரியோர் பெயரை இடுவது உலக வழக்கம். நிறைகோலுக்கு ஏன் பெயரிட வேண்டும்? இந்த இடத்தில் சற்றே நின்று சிந்திக்க வேண்டுகின்றேன். நிறைகோல் என்பது தராசு. பிறரோடு கொள்ளலும் கொடுத்தலும் நிகழும் இடம் அது. மனிதனுடைய கை நடுங்குமிடம் அது. ஆசை எட்டிப் பார்க்குமிடம் அது. 'நாவுக்கரசு' என்று பெயரிட்ட தராசைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவன் நிறையைக் குறைக்க முடியுமா? அந்தப் பெயரிட்ட மரக்காலைத் தலைதட்டி அளக்க மனம் வருமா? ஒவ்வொரு முறையும் அந்தப் பெயர் அவன் கையைப் பிடித்துக்கொள்ளும் அல்லவா? பூசையறையிலே பெரியோர் படத்தை வைப்பது எளிது. கடையிலே, களத்திலே, கணக்கேட்டிலே அவர் பெயரை வைப்பதுதான் அரிது. அப்பூதியடிகள் தாம் கேட்டதைத் தராசு வரைக்கும் கொண்டுபோனார். கேள்வி வாழ்வாயிற்று.

அந்தத் தண்ணீர்ப்பந்தரை வழியிலே கண்டுதான் அப்பரடிகள் வியந்து நின்றார். 'உம்முடைய பெயரை எழுதாமல் வேறு ஒருவர் பெயரை எழுதியிருப்பது ஏன்?' என்று கேட்டார். அப்பூதியார்க்குச் சினம் வந்துவிட்டது. 'அந்தப் பெருமானை அறியாத நீர் யார்?' என்றார். 'சூலைநோய் தந்து இறைவன் ஆட்கொண்ட சிறியவன் நான்' என்று சுவாமிகள் தாழ்மையாகத் தம்மை உணர்த்தியபொழுது அப்பூதியார் அடைந்த ஆனந்தத்துக்கு அளவு உண்டா? விருந்து சமைத்தார்கள். வாழைக்குருத்து அரியப் போன மூத்த பிள்ளையை அரவு தீண்டியது. குருத்தைத் தாயிடம் சேர்த்துவிட்டே பிள்ளை வீழ்ந்தான். அடியார் அமுது செய்வதற்குத் தடை வரக்கூடாது என்று பெற்றோர் துயரத்தை மறைத்தார்கள். சுவாமிகள் உண்மையை அறிந்தார். திருக்கோயிலின் முன்னே பதிகம் பாடினார். பிள்ளை துயிலெழுந்தான்போல் எழுந்தான். இது நீங்கள் அறிந்த சரித்திரம். நான் விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை.

இனி, முன்னே சொன்ன காரணத்துக்கு வருகின்றேன். சொல்லக் கூச்சமாக இருக்கின்றது. ஆயினும் இந்தச் சந்நிதியிலே சொல்லாமல் மறைப்பது பிழையாகும்.

அடியேன் இளமையிலே ஒரு பெரும்புலவரிடம் பெரிய புராணம் பாடம் கேட்டேன். திண்ணையிலே பாய் விரித்து, விடியற்காலையில் பாடம் நடக்கும். பாடம் முடிந்தவுடன் 'விளங்கிற்றா?' என்று அவர் கேட்பதில்லை. மறுநாள் நாங்கள் போய் அமர்ந்ததும், 'நேற்றைப் பாடம் வீட்டிலே என்ன செய்தது?' என்று கேட்பார். முதலில் அந்தக் கேள்வி எங்களுக்குப் புரியவில்லை. பாடத்தை ஒப்பிக்கச் சொல்லுகின்றார் போலும் என்று கடகடவென்று ஒப்பிப்போம். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, 'அது நேற்று இங்கே நடந்தது. வீட்டிலே என்ன நடந்தது?' என்பார். நாங்கள் தலை குனிவோம்.

பல ஆண்டுகள் கழிந்தன. அடியேனும் சொற்பொழிவு செய்யத் தொடங்கி, ஊர்கள் தோறும் அழைப்பு வரும் நிலை ஏற்பட்டது. ஒரு கோடைக்காலம். அன்று மாலை ஒரு கோயிலில் பேச வேண்டியிருந்தது. நண்பகலில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து புத்தகத்தை விரித்துக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். தலையில் சுமையோடு ஒரு தொழிலாளி வந்து வாசலில் நின்றார். 'சாமி, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா?' என்றார். நான் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. 'தெருக்கோடியில் குழாய் இருக்கின்றது. அங்கே போய்க் குடி' என்றேன். உள்ளேயிருந்த என் மனைவியார் காதில் அது விழுந்தது. செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவருக்குக் கொடுத்தார். அவர் குடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, 'மகராசியாய் இருங்கள் அம்மா' என்று சொல்லிப் போனார். வெறுஞ்செம்போடு திரும்பிய மனைவியார் என்னைப் பார்த்து, 'இன்றைக்கு மாலையில் எந்த நாயனார் சரித்திரம்?' என்று கேட்டார். நான் நிமிராமலே, 'அப்பூதியடிகள்' என்றேன்.

சொன்ன பிறகுதான் என் வார்த்தை என் காதிலே விழுந்தது. அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். அன்பர்களே, என் மடியில் விரிந்து கிடந்த பக்கம் திங்களூர்த் தண்ணீர்ப்பந்தரைப் பற்றிய பக்கம். அன்று மாலை பேசினேன். சபையார் பாராட்டினார்கள். மாலையும் இட்டார்கள். அந்த மாலையின் பாரம் என் கழுத்துக்குத்தான் தெரியும். 'நேற்றைப் பாடம் வீட்டிலே என்ன செய்தது?' என்று என் ஆசிரியர் கேட்ட கேள்விக்கு நான் தோற்ற நாள் அது. மறுநாள் காலையில் திண்ணையிலே ஒரு பானையும் குவளையும் வைத்தோம். கோடைதோறும் இன்றும் வைக்கின்றோம். அதிலே ஒரு பெருமையும் இல்லை; பட்ட கடனுக்கு வட்டி கட்டுவது போன்றது அது.

கற்றது வாழ்விலே இறங்காவிட்டால் கற்றவனுக்கு மாத்திரமா கேடு? கற்கப்பட்ட நூலுக்கும் கேடு. இதற்குச் சான்று நம்முடைய திருமுறைகளின் வரலாறே. உமாபதி சிவாசாரியார் இயற்றியதாக வழங்கும் திருமுறை கண்ட புராணத்தில் இவ்வரலாறு கூறப்படுகின்றது. மூவர் பதிகங்களில் சிலவற்றைக் கேட்டு உருகிய சோழ மன்னன், அவை முழுவதும் எங்கே இருக்கின்றன என்று தேடினான். திருநாரையூரிலே பொல்லாப் பிள்ளையாரின் அருள் பெற்ற நம்பியாண்டார் நம்பிகளை அடைந்தான். தில்லைத் திருக்கோயிலில், மூவரின் கையடையாளம் இட்டுப் பூட்டிய ஓர் அறையிலே ஏடுகள் இருக்கின்றன என்று தெரிந்தது. மூவரும் வந்தாலன்றிக் கதவைத் திறக்க இயலாது என்றார்கள். மன்னன் மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து கதவைத் திறப்பித்தான். உள்ளே என்ன இருந்தது? ஏடுகளை மூடிக்கொண்டு கறையான் புற்று இருந்தது. எண்ணெய் சொரிந்து புற்றை விலக்கிப் பார்த்தபொழுது, அழிந்தவை போக எஞ்சியவையே கிடைத்தன. நாவரசர் பாடியவை பல ஆயிரம் என்பர் பெரியோர். இன்று நம் கையில் உள்ளவை நான்கு, ஐந்து, ஆறு ஆகிய திருமுறைகளில் அடங்கிய 312 பதிகங்களே.

மறைக்காட்டிலே பூட்டிக் கிடந்த திருக்கதவைத் திறப்பதற்குப் பாடிய பெருமானுடைய பாட்டே, தில்லையில் பூட்டிய கதவுக்குள்ளே கறையானுக்கு இரையாயிற்று என்று எண்ணும்பொழுது கண்ணீர் வருகின்றது. பூட்டி வைத்தவர்கள் பகைவர்கள் அல்லர். மதித்துத்தான் பூட்டினார்கள். மதிப்பினாலே பூட்டினாலும் கறையான் வரும்.

ஏடு கிடைத்தது; பண் கிடைக்கவில்லை. எந்தப் பதிகத்தை எந்தப் பண்ணிலே பாடுவது? அதற்கு எந்த அறையைத் திறந்தார்கள்? அறை எதுவும் திறக்கப்படவில்லை. திருஎருக்கத்தம்புலியூரிலே, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபிலே வந்த ஒரு பெண்மணியை அழைத்துவந்தார்கள். அந்த அம்மையார் வாயிலாகவே பண்முறை வகுக்கப்பட்டது. இதனை ஊன்றிக் கவனியுங்கள். ஏட்டிலே வைத்தது கறையானுக்குப் போயிற்று. ஒரு குடும்பத்தின் வாழ்விலே வைத்தது தலைமுறை தலைமுறையாக நின்றது. தாய் பாடினாள், மகள் கேட்டாள், மகள் பாடினாள், பேர்த்தி கேட்டாள். அந்த வாழ்விலே கறையான் நுழையவில்லை.

அதன்பின் மன்னர்களும் பாடம் கற்றுக்கொண்டார்கள். முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்வதற்கு 48 பிடாரர்களையும், அவர்களோடு உடுக்கை வாசிப்பார் ஒருவரையும் கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் நியமித்து, ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் அளக்கச் செய்தான். பதிகத்தைப் பெட்டியிலே வைத்துக் காப்பதைவிட, ஐம்பது பேருடைய நாளிலே வைத்துக் காப்பது மேல் என்று அறிந்த அரசன் அவன். திருவிடைவாய் என்னும் தலத்துக்குரிய ஞானசம்பந்தர் பதிகம் ஒன்று ஏடுகளில் இல்லாமற்போய், அத்தலத்துக் கல்வெட்டிலிருந்து இருபதாம் நூற்றாண்டில் கிடைத்தது. ஊரார் தம் வழிபாட்டுக்குரிய கல்லிலே பொறித்துவைத்ததனால் அது பிழைத்தது.

ஏடுகளுக்கு நேர்ந்த இடர் அத்தோடு ஒழிந்ததா? மகாமகோபாத்தியாயர் உ. வே. சாமிநாதையர் பழைய ஏடுகளைத் தேடி ஊரூராகச் சென்ற காலத்தில், தென்பாண்டி நாட்டுக் கோயில் ஒன்றில், பழுதுற்ற ஏடுகளைக் குழிவெட்டி நெருப்பு வளர்த்து, நெய்யிலே தோய்த்து ஆகுதி செய்துவிட்டதாக அறிந்து மனம் நொந்ததைத் தம் சரித்திரத்திலே எழுதியிருக்கின்றார். நெருப்பிலிட்டவர்களும் பக்தியோடுதான் இட்டார்கள். படிப்பார் இல்லாத ஏட்டுக்கு அந்தப் பக்தி என்ன உதவி செய்தது?

இந்தப் பூட்டைத் திறந்துவிட்ட பெரியோர்களில் ஒருவரை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822ஆம் ஆண்டு தோன்றிய ஆறுமுக நாவலர் அவர்கள். 1847ஆம் ஆண்டு இறுதி நாளன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே அவர் தம் சைவப் பிரசங்கங்களைத் தொடங்கினார். நாங்களெல்லாம் இன்று கோயில்களிலே நின்று பேசுகின்ற பேச்சுக்கு அவர் போட்ட பாதையே வழி. 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பிள்ளைகளுக்குப் பாலபாடம் எழுதினார். அச்சுக்கூடம் வைத்தார். செய்யுள் படிக்க இயலாதவரும் அறுபத்து மூவர் சரித்திரத்தை அறியவேண்டுமென்று பெரிய புராணத்தை வசனமாக எழுதி 1852இல் வெளியிட்டார். 1864இல் சிதம்பரத்திலும் வித்தியாசாலை கண்டார். இல்லறத்தில் புகாமல், தம் வாழ்நாள் முழுவதையும் இப்பணிக்கே ஆக்கினார். தாம் எழுதியபடி தாம் நின்றார். அதனாலே அவர் எழுத்துக்கு உயிர் இருந்தது.

இன்றைக்கு நம் நிலை என்ன? பூட்டு இல்லை, கறையான் இல்லை. பன்னிரு திருமுறையும் அச்சிலே கிடைக்கின்றன. கையிலே வைத்திருக்கும் சிறிய தொலைபேசிக்குள்ளே அத்தனை பதிகங்களும் அடங்கிவிட்டன. தொட்டால் ஓதுவார் குரலே கேட்கின்றது. சோழ மன்னன் தேடித் தவித்தது நம் சட்டைப் பையிலே இருக்கின்றது. இது எத்தனை பெரிய பாக்கியம்! ஆனால் சட்டைப் பையும் ஓர் அறைதான். அதையும் பூட்டி வைக்கலாம். 'என்னிடம் எல்லாம் இருக்கின்றன' என்று எண்ணி ஒன்றையும் ஓதாமல் இருந்தால், புதிய அறையிலே பழைய புற்றே வளரும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றார்கள் நம் முன்னோர். அது ஏட்டின் குற்றம் அன்று. விதையை எடுத்துக் கொல்லையிலே ஊன்றாதவன் குற்றம்.

ஆகவே தாய்மார்களையும் பெரியோர்களையும் அடியேன் வேண்டிக்கொள்வது இது. மாலையில் விளக்கேற்றியபின், வீட்டார் கூடியிருக்கும்பொழுது, ஒரு பதிகத்தையோ ஒரு நாயனார் சரித்திரத்தின் ஒரு பகுதியையோ வாய்விட்டுப் படியுங்கள். கால் நாழிகை போதும். எழுத்தறிந்த பேரன் படிக்கட்டும். எழுத்தறியாத பாட்டி கேட்கட்டும். பாட்டி தாம் சிறுவயதில் கேட்டதைச் சொல்லட்டும், பேரன் கேட்கட்டும். மறுநாள், என் ஆசிரியர் கேட்ட கேள்வியை ஒருவரையொருவர் கேளுங்கள்: 'நேற்றைப் பாடம் வீட்டிலே என்ன செய்தது?' பள்ளியிலிருந்து வரும் குழந்தையிடம் 'எத்தனை மதிப்பெண்?' என்று கேட்கின்றோம். கேட்க வேண்டியதுதான். அதோடு, 'இன்று கற்றதைக் கொண்டு யாருக்கு உதவினாய்?' என்றும் ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்?

உங்களுள் வணிகர்கள் இருக்கின்றீர்கள். உங்கள் தராசுக்கு மனத்தாலே ஒரு பெயர் இடுங்கள். உத்தியோகம் பார்ப்பவர்கள் இருக்கின்றீர்கள். நீங்கள் கையொப்பமிடும் எழுதுகோலுக்கு ஒரு பெயர் இடுங்கள். ஆசிரியர்கள் தங்கள் பாடப் புத்தகத்துக்கும், வண்டி ஓட்டுகின்றவர்கள் தங்கள் வண்டிக்கும், தாய்மார்கள் அரிசி அளக்கும் படிக்கும் ஒரு பெயர் இடுங்கள். வெளியே எழுத வேண்டுவதில்லை. கை அதைத் தொடும்பொழுது நெஞ்சு அந்தப் பெயரை நினைத்தால் போதும். கற்றது கைக்கு வரும் வழி அதுதான்.

கடைசியாக ஒன்று கூறி அமைகின்றேன். இன்று சுவாமிகள் சிவப்பேறு அடைந்த நாள் என்றேன். திருப்புகலூரிலே அவர் முதுமைக் காலத்திலும் உழவாரப்பணியை விடவில்லை. ஒருநாள் அவர் புல் செதுக்கும் இடத்திலெல்லாம் பொன்னும் நவமணியும் விளங்குமாறு இறைவன் செய்தருளினான். சுவாமிகள் என்ன செய்தார்? பரற்கற்களை எப்படி உழவாரத்தில் ஏந்தி எறிவாரோ, அப்படியே பொன்னையும் மணியையும் ஏந்திப் பக்கத்துப் பொய்கையிலே எறிந்தார். பொன்னும் கல்லும் ஒன்றே என்று நூலிலே படிக்காதவர் யார்? மேடையிலே பேசாதவர் யார்? ஆனால் உண்மையாகவே பொன் கண்ணெதிரே வந்தபொழுது, பேசின நா ஒருபுறம் இருக்க, கை தானே அதை எறிந்ததே, அன்பர்களே, அதுதான் கல்வி. அத்தனை ஆண்டுகள் உழவாரம் பிடித்த கைக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

வீடு திரும்பும்பொழுது வாயிலில் உள்ள தண்ணீர்ப்பந்தலிலே மோர் பருகிவிட்டுச் செல்லுங்கள். பருகியபின், உங்கள் தெருவிலே வெயிலில் வருபவர் ஒருவருக்கு நாளை யார் நீர் கொடுப்பார் என்று எண்ணிக்கொண்டே செல்லுங்கள். அப்படி ஒரே ஒரு வீட்டு வாசலில் நாளை ஒரு பானை வைக்கப்பட்டால், இன்று நான் பேசியதும் நீங்கள் கேட்டதும் பயன்பெற்றனவாம்.

நாவரசர் திருவடி வாழ்க. அப்பூதியடிகள் திருவடி வாழ்க. கேட்டவர், கேட்டபடி நிற்பவர் அனைவரும் இறைவன் திருவருளால் நலம் பெறுக.

திருச்சிற்றம்பலம்